அம்பை மணந்து பார்

நேற்றுப் பின்னேரம் எசன் நகர டிராமில் எனக்கு முன் இருக்கையில் எங்கட ஆக்கள் இரண்டு பேர், புருசனும் பெண்சாதியும். அவருடைய போன் சத்தமாகக் கிடந்தது. கனடாவில் இருக்கிற மகள் காட்டுக்குள் நின்று கதைக்கிறாள். அங்கே அப்போதுதான் விடிஞ்சிருக்கிறது. குதிரையிலும் பெரிய மூஸ் மான் ஒன்றுக்கு வில்லால் அடிச்சிருக்கிறாள். அது ஓடிவிட்டது.

"எங்கை பிள்ளை பட்டது?"

"முன்னங்காலுக்குப் பின்னாலை அப்பா. நல்லாப் பின்னுக்குப் போட்டுதோ தெரியேல்லை. தேடிப் போகட்டே? மழை வரப்போகுது, ரத்தம் கழுவுப்பட்டிடும்."

"அசையாதை! வயித்திலை பட்டிருந்தா, நீ கலைக்கக் கலைக்க அது நாள் முழுக்க வேதனையோடை ஓடும். அம்பு ஊடுருவி விழுந்ததோ? எடுத்து மணந்து பார், குடலிலை பட்டிருந்தா நாறும்."

பெண்சாதி சொன்னா, "நீங்கள் இறைச்சிக்கடையிலை வெட்டுறது காணாதெண்டு அவளையும் பழக்கிப்போட்டியள்."

"பொறும், கதைக்காதையும்."

"மணக்கேல்லை அப்பா. ரத்தம் நுரைநுரையாக் கிடக்கு."

"அப்ப நுரையீரல். சரியாத்தான் அடிச்சிருக்கிறாய். அரை மணித்தியாலம் அதிலையே இரு. பிறகு தேடிப்போட்டு எடு."

அவை இரண்டு பேரும் இறங்கவில்லை. என்ர தரிப்பும் போனது, நானும் இறங்கவில்லை. திரும்பி வர எனக்கு ஒருத்தரும் வழி சொல்லத் தேவையில்லை.

கடைசித் தரிப்புக்குக் கிட்ட மகள் திரும்ப எடுத்தாள்.

"விழுந்து கிடக்குது அப்பா."

"கிட்டப் போகாதை. கண் மூடியிருக்கோ, திறந்திருக்கோ?"

"திறந்திருக்கு."

"இமைக்குதோ?"

"இல்லை."

"அப்ப முடிஞ்சுது பிள்ளை" என்றுபோட்டு, அந்த மனுசன் தன்ர கண்ணை மூடிக்கொண்டார்.