கஞ்சியில் பத்துச் சொட்டு

எனக்குத் துணி மடிக்கப் பிடிக்கும் ஐயா. முதியோர் விடுதியில் பதினொரு வருஷம் நர்ஸாக இருந்தவள். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் கிடந்தாலும் எனக்கு மனம் ஒப்பாது.

ஜன்னலோரக் கட்டிலுக்குத் தையல்காரர் வந்தார். எண்பது வயது, நாக்கு மட்டும் கத்தரிக்கோல்.

"இடது தோள் இறங்கியிருக்கேம்மா. தச்சவன் கண்ண மூடிக்கிட்டுத் தச்சானா?" என்று என் சட்டையைப் பார்த்துக் கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் சாப்பிட்டதும் பல்செட்டைக் கழற்றிப் பருக்கையோடு டம்ளர் தண்ணீரில் போடுவார். கைக்குட்டையில் சளியைத் துப்பி, அழகாக மடித்து என்னிடம் நீட்டுவார். இரண்டு விரல் நுனியில் வாங்கிப் போய், மூன்று முறை கை கழுவுவேன்.

பக்கத்துக் கட்டில்காரர் இறந்தபோது, அவருடைய மனநோய் மருந்து அரைப் புட்டி மிஞ்சியது. நிறமில்லை, வாசனையில்லை. தையல்காரரின் கஞ்சியில் ஐந்து சொட்டு விட்டேன். அன்று முழுக்க அவர் வாயே திறக்கவில்லை.

ஒரே வாரத்தில் கை நடுங்கியது. சட்டைப் பொத்தானைக்கூட அவரால் போட முடியவில்லை. எச்சில் வழிந்து, கழுத்து மடிப்பில் தேங்கி, புளித்து நாறியது. தூங்குகிறவரைத் துடைப்பது சுலபம் என்று பத்துச் சொட்டாக்கினேன். வாரம் ஒருமுறை வரும் டாக்டர், "வயசாச்சில்ல" என்று சொல்லி நடுக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதினார். அதைப் போட்டதும் தையல்காரர் சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறதென்று கத்தத் தொடங்கினார். பதினைந்து சொட்டு.

மகள் வந்து பார்த்தாள். "அப்பா என்னைத் திரும்பிக்கூடப் பாக்கலையே சிஸ்டர்."

"அமைதியா இருக்காரும்மா. அது போதாதா?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "பெத்த பொண்ணு நான் செய்யாததை நீங்க செய்றீங்க."

ஒரு நாள் காலை அவருக்கு விழுங்கவே வரவில்லை. கன்னத்துக்குள் கஞ்சி அப்படியே நின்றது. இன்னும் ஒன்பது பேருக்கு ஊட்ட வேண்டும். இன்னொரு கரண்டியைத் திணித்தேன். புரையேறியது. என் மணிக்கட்டைப் பிடித்தார். எச்சிலும் கஞ்சியும் பிசுபிசுத்த கை. உதறிவிட்டுக் கை கழுவப் போனேன்.

குழாயை முழுதாகத் திறந்துவிட்டும் அவர் திணறுவது கேட்டது. அது நிற்கும்வரை சோப்புப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது ஐயா. மருந்துதான் கொடுத்திருந்தேனே.