நாலாம் எண் கோதுமை நிறம்

மழை வந்தால் காஜா பேராங் கடைத்தெருவில் எங்கள் ஸ்டூடியோவுக்குக் கூட்டம் வரும். நனையாமல் ஒதுங்குகிறவர்கள் சும்மா நிற்கக் கூச்சப்பட்டு ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள்.

என் பெயர் கணேசமூர்த்தி. படம் எடுப்பது முதலாளி மருதப்பன். கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பஞ்சால் சாயம் பூசுவது நான். பஞ்சாயத்தில் நீங்கள் கேட்பதால் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாளி சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறார். இடப்பக்கம் சாம்பல் நிறங்கள், வெளுப்பிலிருந்து கறுப்புவரை பன்னிரண்டு. வலப்பக்கம் அதனதன் மேல் பூச வேண்டிய சாயம். முகத்துக்கு மட்டும் ஒரு தயவு உண்டு. ஏழு, எட்டு, ஒன்பது எது வந்தாலும் படத்தை வெளிறக் கழுவி ஒரே சாயம்: நாலாம் எண், கோதுமை நிறம். பெண் பார்க்கப் போகும் படங்களெல்லாம் அதில்தான் போயின. சுதந்திரம் கிடைத்த மெர்டேக்கா வருஷம் நான் பூசிய கோதுமையை மூட்டை கட்டினால் ஒரு கப்பல் நிறையும்.

பையன் வீட்டாரும் விவரமானவர்கள்தான். புக்கிட் ரம்பாயிலிருந்து பாக்கியலட்சுமி அம்மாள், தன் மகனுக்குப் பேசி முடித்த சாரதாம்பாளின் படத்தோடு வந்தார். தேதி குறித்தாகிவிட்டது, கூறைப்புடவையும் எடுத்தாகிவிட்டது.

“தம்பி, இது உங்க கடைப் பூச்சுதானே?”

“ஆமாங்கம்மா.”

“எங்க வீட்டுக் குசினிச் சுவருக்கும் இதே கலர்தான்லா அடிச்சிருக்கோம். கழுவினா என்ன நிறம்? நெசமான நிறத்துல என் மகன் பக்கத்துல வெச்சு ஒரே படமாக் குடுங்க.”

நியாயமான கேள்வி. பட்டியலைத் திருப்பி எழுதினேன். சாயம் இடப்பக்கம், சாம்பல் வலப்பக்கம். எல்லா வரிகளும் ஒழுங்காகத் திரும்பின. நாலாம் எண்ணுக்கு மட்டும் மூன்று விடை. பட்டியல் என்றால் ஒரு வரிக்கு ஒரு விடைதான் இருக்க வேண்டும். நான் ஒன்பது என்று எழுதினேன்.

சாரதாம்பாள் தெங்கேராவில் தையல் சொல்லிக்கொடுக்கிறவள். தினமும் காலையில் எங்கள் கடையைத் தாண்டித்தான் சைக்கிளில் போவாள். அவள் ஏழு. வெயிலில் பார்த்தால் ஆறு என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அது என் கண் சொல்வது. தொழிலில் கண்ணை நம்பாதே, பட்டியலை நம்பு என்பார் முதலாளி.

அவள் முகத்துக்கு ஒன்பதைப் பூசி, இரண்டு படங்களையும் வெட்டி ஒட்டினேன். ஒட்டு தெரியாமல் சேர்த்தேன்; அந்த வேலையில் என்னை யாரும் குறை சொன்னதில்லை. பாக்கியலட்சுமி அம்மாள் வெகுநேரம் பார்த்தார்.

“என் மகன் பக்கத்துல நிழல் விழுந்த மாதிரி இருக்கு” என்றார்.

வெள்ளிக்கிழமைக்குள் கல்யாணம் நின்றது. அதன்பின் சாரதாம்பாள் கடை வழியாகப் போவதை நிறுத்தினாள். தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்து முகத்தைப் புண்ணாக்கிக்கொண்டாள் என்று பக்கத்து வீட்டுப் பொன்னம்மா சொன்னாள். ஆறிவிடும் என்றேன். தோல் ஆறக்கூடியதுதான்.

திருப்பிப் போட்ட பட்டியலின் பெயர் பரவி, இன்னும் ஐந்து வீட்டார் வந்தார்கள். ஐந்தும் நாலாம் எண் படங்கள்தான். ஐந்துக்கும் ஏழு என்றே போட்டுக்கொடுத்தேன். ஐந்து கல்யாணமும் நடந்தது. சாப்பாடும் நன்றாக இருந்தது.

சாரதாம்பாளின் நெகட்டிவைப் பார்த்திருந்தால் நிஜ நிறம் தெரிந்திருக்குமே என்கிறீர்கள். தெரிந்திருக்கும். அதனால்தான் அதை எடுத்து என் வீட்டுப் பெட்டியில் வைத்தேன். அவள் படத்தை வேண்டுமென்றேதான் இருட்டாக்கினேன். இதை மறைக்க ஒன்றுமில்லை. அந்தப் பையனுக்கு அவள் அருமை தெரியாது. ஒரு தாளைப் பார்த்து ஓடுகிறவனிடமிருந்து அவளைக் காப்பாற்றினேன் என்றே நினைக்கிறேன்.

போன மாதம் தட்டு வைத்து நானே பெண் கேட்கப் போனேன். நிறம் எனக்குப் பெரிதல்ல என்று அவள் அப்பாவிடம் சொன்னேன். சாரதாம்பாள் காப்பி கொண்டுவந்தாள். கன்னத்தில் தழும்பு இருந்தது.

“வாங்கண்ணே. என் படத்தை எவன் இப்படிப் பண்ணான்னு உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?” என்றாள். பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டாள்.

அண்ணே என்றுதான் கூப்பிட்டாள். அப்பா எதிரில் வேறு எப்படிக் கூப்பிடுவாள்?