தைத்த சட்டைக்கை

— அசையாம நில்லுங்க. பட்டன் போட விடுங்க.

— அசையாம நிக்க முடிஞ்சா நானே போட்டுக்க மாட்டேனா, ஜெயந்தி?

— நக்கல் வேணாம். நடுக்கத்துக்குக் குளிச போட்டீங்களா?

— போட்டேன். இன்னும் வேல செய்யல. ஒம்பது மணிக்குத் தோட்டத்துப் பெரிய தொரைக்கு முன்னால கையத் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டுத்தான் உக்காரணும். எல்லாம் அந்த மொட்டக் கடுதாசியால.

— கடுதாசிய நீங்க பாத்தீங்களா?

— ஆபீஸ் கிளாக்கர் போன்ல படம் புடிச்சு அனுப்புனாரு. டைப் அடிச்சிருக்கு. கேளு. ‘டீமேக்கர் நிரோஷனுக்குப் பார்கின்சன் நோய். நாற்பத்தொரு வயதில் கண்டுபிடித்தார்கள். இரண்டு வருடமாக மறைக்கிறார். வலது கை நடுங்குகிறது. மூக்கில் மணம் தெரியாது.’ எப்புடி?

— யாரா இருக்கும்?

— நடுக்கத்த எவனும் பாத்திருக்கலாம். குளிருன்னு சொல்லிச் சமாளிச்சேன். ஆனா மூக்கு செத்துப்போனது பெக்டரியில ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும், விளங்குதா? சண்முகவடிவு.

— வடிவு அக்காவா?

— ரோலர் மிசின்ல அரைச்ச கொழுந்தப் பரப்பி வச்சா, பச்ச வாட போயிப் பழ வாசம் வரும். வந்த ஒடனே அடுப்புக்கு அனுப்பணும். பிந்துனா அன்னைக்குத் தேயில பாழ். எனக்கு ஒண்ணும் வர்றதில்ல. வடிவு மோந்து பாத்துட்டு முந்தானைய இழுத்துச் சொருகும். அதுதான் சாட. நான் மேசைய ஒரு தட்டு தட்டி, ‘எடு’ம்பேன். எல்லாரும் என் மூக்கத்தான் மெச்சுறாங்க.

— அப்பிடிப்பட்ட ஆளு காட்டிக் குடுக்குமா?

— அவ மருமவன் சின்ன டீமேக்கர் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கான். மஸ்கெலியா டவுன்ல ஏதாவது கடையில டைப் அடிச்சிருப்பான். நானும் சும்மா போகல. வடிவு மடியில தேயிலத்தூள் திருடிக் கட்டிட்டுப் போகுதுன்னு இன்னைக்கே தொரைகிட்ட சொல்லப் போறேன்.

— கட்டிட்டுப் போகுதா?

— இல்ல.

— பாவமில்லயா? ரெண்டு வருசமா உங்களுக்கு மூக்கா இருந்த பொம்பள.

— நமக்கு யாரு பாவம் பாத்தா? வேல போனா இந்தக் குவாட்டர்ஸ் வீடும் போகும். பிள்ளைங்கள எங்க கூட்டிட்டுப் போறது? ஏன் நிப்பாட்டிட்ட? பட்டனப் போடு.

— தொரைகிட்ட அப்பிடிச் சொல்லாதீங்க. கடைசி வரியப் பாருங்க. கெடுக்க நெனைக்கிற ஆளு அப்பிடியா எழுதும்?

— எந்தக் கடைசி வரி?

— நிமிந்து நில்லுங்க, பட்டன் ஓட்ட மாறிப் போச்சு.

— நான் பாதிதானே படிச்சேன். ‘தயவுசெய்து வேலையை விட்டு எடுக்க வேண்டாம். ரோலர் பக்கம் மட்டும் விடாமல், ஆபீசில் ஒரு இடம் கொடுங்கள்.’ இது இருக்கறது ஒனக்கு எப்பிடித் தெரியும்?

— கழுத்த ஆட்டாதீங்க. காலர்ப் பட்டன் நழுவுது.

— மூக்கு போனத நான் ஒன்கிட்டயும் சொன்னதில்ல. இப்ப கேட்டுட்டு நீ ஆச்சரியப்படவும் இல்ல.

— போன மாசம் பருப்பு கருகி, பக்கத்து வீட்டு நாகலெட்சுமி கதவத் தட்டுனா. நீங்க அடுப்புக்குப் பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சுட்டிருந்தீங்க. அன்னைக்கே தெரியும்.

— அப்ப வடிவு வந்து ஒன்கிட்டயும் பேசியிருக்கா.

— அது வரல. நான்தான் போயிக் கேட்டேன். மொதல்ல வாயத் தொறக்கல. பொறகு ரோலர்கிட்ட நடந்ததச் சொல்லி அழுதுச்சு. ‘எழுதாத பிள்ள, அவரு தாங்க மாட்டாரு’ன்னு என் கையப் புடிச்சுக்கிச்சு.

— ரோலர்கிட்ட ஒண்ணும் நடக்கல. எத எழுதாதன்னா? ஜெயந்தி, எத?

— வலது கைய நீட்டுங்க, இந்த ஒரு பட்டன்தான் மிச்சம். ஆணியில மாட்டிக் கிழிஞ்சதுன்னு குடுத்தீங்களே, இதே சட்டக்கைதான். தைக்க எடுத்தேன், கிழிஞ்ச எடத்துல ரோலர் கிரீஸ் வாட அடிச்சுச்சு. எனக்கு இன்னும் மூக்கு இருக்குங்க.