வீட்டுக்கு ஒரு ஓட்டு

— அதனாலதான் சொல்றேன் அக்கா, எனக்கு எலெக்ஷனும் வேணாம், ஓட்டும் பேடா. மர்பி டவுன்ல ஒரு மனுஷன் நிம்மதியா பாயில படுத்திருந்தா முனிசிபாலிட்டிக்கு என்ன நஷ்டம்?

— ரெமி, மணி நாலு. அஞ்சுக்கு ஓட்டுச் சாவடியைச் சாத்திடுவாங்க. எழுந்திருடா.

— முப்பத்தொண்ணாம் வருஷ எலெக்ஷனுக்கு எழுந்து போனேனே, போதாதா? வக்கீல் சவரிராயனுக்காக அல்சூர் பூரா ஜட்காவுல நின்னு கத்தினேன். தொண்டை போச்சு. ஞாயித்துக்கிழமை பூசையில பாட வாயைத் திறந்தா காக்கா சத்தம். சாமியார் என்னைக் கொயர்லேர்ந்து கடைசி பெஞ்சுக்கு அனுப்பிட்டார்.

— உன்னை யாரு கத்தச் சொன்னது?

— அவர்தான். "தம்பி, வாலிபர்கள்தான் நாட்டுக்கு முதுகெலும்பு"ன்னு தோள்ல கை போட்டார். உன் தம்பி மடையன், உடனே நெஞ்சை நிமித்திட்டான். ஜெயிச்ச மறுவாரம் நம்ம தெருவுக்குக் குழாய் கேட்டு அவர் பங்களாவுக்குப் போனேன்...

— நீ குடை ரிப்பேர்க்காரன்னு மட்டும் ஞாபகம் வெச்சிருந்தார். ஒரு குடையை எடுத்து நீட்டினார். நூறு தடவை சொல்லிட்டே.

— பண்ணியும் குடுத்துட்டு வந்தேன் அக்கா, அதை விட்டுட்டியே! ரெண்டு கம்பி மாத்தினேன். விரிச்சுப் பார்த்துட்டு "பேஷ்"னார். எனக்கு ஒரே பூரிப்பு. வீட்டு வாசலுக்கு வந்தப்புறம்தான் குழாய் ஞாபகம் வந்துச்சு.

— எனக்கும் சிரிப்பாத்தான் இருக்கு. ஆனா அம்மா இன்னும் விடியக்காலம் அடுத்த தெருக் குழாயில குடத்தோட நிக்கிறா. போன வாரம் வழுக்கி விழுந்தா, மணிக்கட்டு இன்னும் வீங்கியிருக்கு. இந்தத் தடவை எலெக்ஷன்ல நிக்கிற மருந்துக்கடை பெர்னார்ட் நம்ம தெருக்காரர், அவர் வீட்டுக் குடமும் அதே வரிசையிலதான் நிக்குது. அவருக்காவது போடேன்.

— ஜெயிச்சா அவரும் குடையைத்தான் நீட்டுவார்.

— நீட்டட்டும். நானா இருந்தா குழாய் வந்தப்புறம் கம்பி மாத்துறேன்னு சொல்லியிருப்பேன்.

— அப்ப நீயே போய்ப் போடேன் பெர்னதெத் டீச்சர்!

— எனக்கு ஏதுடா ஓட்டு? வீட்டு வரி யார் பேர்லயோ, அவங்களுக்குத்தான் ஓட்டு. அப்பா போனதும் ஆம்பளப் பிள்ளைன்னு உன் பேருக்கு மாத்தினாங்க. கட்டுறது என் சம்பளத்துல.

— தாராளமா எடுத்துக்கோ. யாராவது வாங்கிக்கிட்டா போதும்னு இருக்கேன்.

— குடுத்துட்டியே.

— என்னது?

— போன மாசம் ஒரு காகிதத்துல கையெழுத்து கேட்டேன். படிச்சுப் பாருன்னு ரெண்டு தரம் சொன்னேன். "உன் இங்கிலீஷை யாரு படிக்கிறது"ன்னு சொல்லிக் கண்ணைக்கூட முழுசாத் திறக்காம போட்டே.

— அது... உன் பள்ளிக்கூடத்துக் காகிதம் இல்லையா?

— வரியை என் பேருக்கு மாத்தச் சொல்லி மனு. நேத்து உத்தரவு வந்துடுச்சு. அடுத்த ஓட்டர் லிஸ்ட்ல என் பேர் இருக்கும்.

— அப்ப நான்?

— உன்னை இனிமே யாரும் தொந்தரவு பண்ணமாட்டாங்க, ரெமி. இன்னிக்குப் போட்டா, அதுதான் உனக்குக் கடைசி ஓட்டு.