ஜாடைப் பொருத்தம்

கேட்டீங்களா சார், அந்த ஆயாம்மா போற போக்குல சொல்லிட்டுப் போறதை? மேல்மாடில படுத்திருக்கிற அக்காவுக்கு நான் தங்கச்சின்னா நம்பவே முடியலையாம். பழகிப்போச்சு. எங்க வீட்டுல அம்மா, அக்கா, அண்ணன் எல்லாருக்கும் கிளி மூக்கு. எனக்கு மட்டும் யாரோ கட்டைவிரலால அமுக்கி விட்ட மாதிரி. ஆஸ்பத்திரில புள்ளை மாறிப்போச்சுன்னு சிரிப்பாங்க. அக்கா, அவ கல்யாணத்துல போட்டோ எடுக்கறப்ப, நீ நம்ம ஜாடையே இல்லடி, கொஞ்சம் ஓரமா நில்லுன்னா. ஓரமா போனவதான், நாலு வருஷமா அந்த வீட்டுப் பக்கமே போகல.

இல்ல சார், வலிக்கல. ரெண்டு கையிலயும் ஊசி, ஆட்டக் கூடாது, அவ்ளோதான். நீங்க பிளேட்லெட் குடுக்க வந்தீங்களா? சீக்கிரம் விட்டுடுவாங்க. எனக்கு ரத்தத்துலேர்ந்து செல்லைப் பிரிச்சு எடுக்க நாலு மணி நேரமாம்.

அக்காவுக்கு ரத்தத்துல கேன்சர். பொருந்துற ஆளோட செல் வச்சாத்தான் பொழைப்பான்னுட்டாங்க. உடனே அம்மா அண்ணனை இழுத்துக்கிட்டு வந்தாங்க. ரெண்டும் ஒரே அச்சு, இவன்தான் பொருந்துவான்னு. அவனும் பொண்ணு பார்க்கப் போற மாதிரி சட்டையை இஸ்திரி போட்டுக்கிட்டு வந்து ரத்தம் குடுத்தான். பாதிதான் பொருந்துச்சு. வேற கூடப்பொறந்தவங்க இல்லையான்னு டாக்டர் கேட்டா, ஒருத்தி இருக்கா, ஆனா அவ ஜாடை வேறன்னாங்களாம். அவங்களையும் வரச் சொல்லுங்கன்னு டாக்டர் பேனாவை மூடி வச்சுட்டாராம். அண்ணன்தான் வெளிய வந்து எனக்குத் திருட்டுத்தனமா போன் பண்ணான்.

உடம்புல டி செல்னு ஒரு வாட்ச்மேன் இருக்காம் சார். ஒவ்வொரு செல் மேலயும் ஒரு குறி இருக்கும், அம்மாகிட்ட பாதி, அப்பாகிட்ட பாதி வாங்கினது. குறி ஒத்துப்போனா நம்ம ஆளு. இல்லேன்னா அடிப்பான், பி செல்னு இன்னொரு அடியாளையும் கூப்பிட்டு ஏவி விடுவான். மூக்கையெல்லாம் பார்க்க மாட்டானாம். எங்க வீட்டு ஆளுங்களைவிட வெவரம்.

ஆமா, எனக்கு முழுசா பொருந்துச்சு. அப்படியும் என் செல்லு உள்ள போயி அக்கா உடம்பையே அடிக்கலாமாம். என் கோவமும் சேர்ந்து எறங்கிடுமா டாக்டர்னு கேட்டேன். மனுஷன் சிரிக்கவே இல்ல.

அம்மாவா? வந்தாங்களே, நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி. எனக்கு மூக்கு அரிக்குது, கை ரெண்டும் இப்படிக் கெடக்கு, மூஞ்சியச் சுளிச்சு சுளிச்சுப் பார்க்கறேன். பக்கத்துல வந்து சொறிஞ்சு விட்டுட்டுப் போனாங்க.