மருந்து வாடை

சங்கிலிமுத்து: ஏலே முனியராஜ், அந்தப் புதர்லயும் ரெண்டு சொட்டு விடுலே.

முனியராஜ்: பாதிப் பாட்டில் காலி மச்சான். மானைக் காணோம், எனக்குத்தான் கொமட்டுது... என்ன கருமம் இது?

சங்கிலிமுத்து: பொட்டைமான் மூத்திரம். ஆன்லைன்ல வாங்குனேன். மான் எணை சேருற சீசன் முடியுற நேரத்துல இந்த வாடைக்குக் கெடாமான் கிறங்கிப்போய் வருமாம். வீடியோவுல சொன்னான்.

முனியராஜ்: அந்த வீடியோவுல பனிக்கட்டி கொட்டிக் கெடந்துச்சு மச்சான். அது வெளிநாட்டு மானு.

சங்கிலிமுத்து: மானுன்னா மானுதாம்லே!

முனியராஜ்: ஃபாரஸ்ட்காரன் வந்தா? நாட்டுத் துப்பாக்கியும் கையுமா மாட்டுனா வெளிய வரவே முடியாது. அக்காவை நெனைச்சீகளா?

சங்கிலிமுத்து: நெனைக்கப் போயித்தாம்லே இந்த மலையடியில வந்து கெடக்கேன். போர்மேன் மக சடங்குக்கு மான்கறி கேக்காரு. குடுத்தா, தீவாளி லீவு முடிஞ்சு பட்டாசுக் கம்பெனி தொறக்கையில என்னைய பேக்கிங்குக்கு மாத்திருவாரு. இல்லேன்னா...

முனியராஜ்: திரும்ப வெடிமருந்து கலக்குற ரூமு.

சங்கிலிமுத்து: தெரியுதுல்ல? இனி அங்கன என்னால கால் வைக்க முடியாதுலே. அங்க நடந்த வெடி விபத்துல, கூட வேலை பாத்த பாலகுரு வெந்து கெடந்தான்... நாந்தான் தூக்குனேன்.

முனியராஜ்: ...தெரியும் மச்சான்.

சங்கிலிமுத்து: பெறகு என்ன நொய்நொய்னு... இரு. காத்து திரும்புது. என்னலே, கந்தக வாடை அடிக்குது?

முனியராஜ்: எங்கன?

சங்கிலிமுத்து: ஒம்மேலதாம்லே! அந்தப் போர்வைய எடு... அடப்பாவி, இது என் சட்டை! மருந்து கலக்கையில போடுற சட்டை!

முனியராஜ்: அவசரத்துல கைக்குக் கெடச்சதை...

சங்கிலிமுத்து: அறிவுகெட்டவனே! எத்தனை தண்ணியில அலசுனாலும் போகாத வாடைலே இது! நாலு ஊருக்கு அங்கிட்டு ஓடியிருக்கும் அம்புட்டு மானும்! நான் சோப்புப் போடாம, பீடி குடிக்காம, காத்து பாத்து உக்காந்தா...

முனியராஜ்: கத்தாதீக மச்சான், மான் ஓடிரும்.

சங்கிலிமுத்து: வந்தாத்தானலே ஓட! நெசத்தைச் சொல்லு, யாரு குடுத்தா சட்டைய?

முனியராஜ்: ...அக்காதான். தொவைக்காம எடுத்து வச்சிருந்தா. "இதைப் போட்டுக்கிட்டு அவரு பக்கத்துலயே உக்காரு, மான் வராது, மனுசன் ஜெயிலுக்குப் போகமாட்டாரு. கம்பெனி வேலை போனாப் போகட்டும், நான் தீப்பெட்டி ஆபீசுக்குப் போறேன்"னு அழுதா.

சங்கிலிமுத்து: அவளா குடுத்தா?

முனியராஜ்: ஆமா மச்சான். அடிக்கணும்னா அடிங்க. அந்தத் துப்பாக்கியை மட்டும் அங்கிட்டுத் திருப்புங்க, பயமா இருக்கு.

சங்கிலிமுத்து: பயப்படாதலே. அதுல மருந்தே போடல... வெடிச்சத்தம் கேட்டாலே பாலகுரு வெந்து கெடந்ததுதான் இன்னும் கண்ணுக்குள்ள வருது. மான் எதுக்க வந்து நின்னுட்டா, என்னால சுட முடியாதுன்னு ஒனக்குத் தெரிஞ்சு போகுமேன்னு, இம்புட்டு நேரமும் வந்துறக் கூடாதுன்னுதாம்லே வேண்டிக்கிட்டுக் கெடந்தேன்.