ஒரு விரற்கடை தள்ளி

மின்விசிறியைக் குறைத்ததற்கு நன்றி. காற்று நேராகப் பட்டால் எனக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும். பதினாறு வருடம் ஆட்களைத் தூக்கிப் பாயில் போட்ட உடம்பு, சும்மா விடுமா? நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, மெதுவாகவே சொல்கிறேன்.

என் தொழில் தற்காப்பு சொல்லிக் கொடுப்பது. கத்தியோடு ஒருவன் வந்தால் என்ன செய்வது என்பது என் தனிப் பாடம். பக்கவாட்டில் ஒரு அடி வை, மணிக்கட்டைப் பிடி, திருப்பு, கத்தி தானாக விழும். வங்கிக்காரர்கள், நர்ஸ்கள், கல்யாணத்துக்கு முன் இளைக்க வந்தவர்கள் எல்லோரும் ரப்பர் கத்தியை வைத்து இதைத்தான் பழகினார்கள். குத்துகிறவர் ஒரு முறை குத்திவிட்டுக் கையை நீட்டியபடியே நிற்க வேண்டும் என்பது எங்கள் வகுப்பின் ஒழுங்கு. கை நின்றால்தானே மற்றவர் பிடிக்க முடியும்.

அந்த மருந்துக்கடைக்காரர் சேர்ந்த மூன்றாம் வாரமே வாயைத் திறந்தார். "குத்த வர்றவன் எதுக்கு சார் கைய நீட்டிட்டு நிப்பான்? இழுத்து இழுத்துக் குத்துவான். ஓடிடறதுதான் நல்லது. முடியலன்னா ஒரு நாற்காலிய நடுவுல போட்டுக்கணும்."

இருமல் மருந்து விற்கிறவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் சிரித்தேன். அவர் பையிலிருந்து சிவப்பு மார்க்கர் பேனாவை எடுத்து, "இதக் கத்தின்னு வெச்சுக்கலாமா சார்?" என்றார். இருபத்திரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுத்தால் எனக்கு மரியாதை இல்லை.

பத்து வினாடிதான். அவர் கை தையல் மிஷின் ஊசி மாதிரி நிற்கவே இல்லை. என் வெள்ளைச் சட்டையின் வயிற்றில் நாலு கோடு, கழுத்தில் ஒன்று. "பரவால்ல சார், யாரா இருந்தாலும் இப்படித்தான் ஆகும்" என்று என் தோளைத் தட்டினார். பரிதாபப்பட்டார், ஐயா. என்னைப் பார்த்து, அந்த ஆள்.

அடுத்த வாரம் ஒன்பது பேர் வந்தார்கள். என் மனைவி சட்டையை மூன்று முறை ஊறவைத்துவிட்டு, "சாயம் போகலைங்க. அவர் சொன்னதுல என்ன தப்பு?" என்று கேட்டாள். இத்தனை வருடம் சோறு போட்ட தொழிலைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. கோபப்படும் அளவுக்கு அவர் ஆளில்லை. பாடம் சரி என்று காட்ட வேண்டியிருந்தது. ரப்பரும் பேனாவும் எதையும் நிரூபிக்காது. மதியம் இரண்டு மணிக்குக் கடையில் கூட்டம் இருக்காது, பின்வாசலும் கிடையாது என்பதை இரண்டு நாள் போய்ப் பார்த்து வைத்திருந்தேன்.

"வாங்க சார், கழுத்துக்கு மாத்திரையா?" என்று எழுந்தார். நான் ஷட்டரை இறக்கினேன். அங்கே இருந்த ஒரே நாற்காலியை இழுத்து என் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். ஓட்டமும் நாற்காலியும் போய்விட்டால் மிஞ்சுவது என் பாடம்தானே. நியாயமான பரீட்சை என்று நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

நான் இடுப்பிலிருந்து எடுத்த நிஜக் கத்தியைப் பார்த்தும் அவர் முதலில் நம்பவில்லை. "வெளையாடாதீங்க சார், பொண்ணு ஸ்கூல்லேர்ந்து வர்ற நேரம்" என்றார். பிறகு கூச்சல் போட்டார், மருந்து பாட்டில்களை எடுத்து வீசினார். இரண்டு என் மேல் பட்டன. பாட்டில்கள் தீர்ந்ததும் பக்கவாட்டில் ஒரு அடி வைத்து என் மணிக்கட்டைப் பிடித்தார். அத்தனை அக்கறையாக என் பாடத்தை எந்த மாணவரும் செய்ததில்லை. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

நான் கையை நீட்டியபடி நிற்கவில்லை. இழுத்தேன். பிறகும் இழுத்தேன். எத்தனை முறை என்பதை உங்கள் டாக்டர் எழுதியிருப்பார்.

ஆமாம், நான்தான் கொன்றேன். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள். அவர் மணிக்கட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்தார். பாடத்தில் தப்பு இல்லை. சொன்னபடி பிடித்திருந்தால் இன்று உயிரோடு இருந்திருப்பார்.